குருவி யாரிடம் பேசினான்

என்னைக் கரடி என்றும் அவனைக் குருவி என்றும் முதலில் கூப்பிட்டது யார் என்று இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் பெயர் வைத்த ஆளுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கையெல்லாம் முடி, வாயைத் திறந்தால் உறுமல். அவன் ஒடிசல். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் அவன் ஏறி நின்றால் கூண்டுக்கே தெரியாது.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒருவன் மொட்டைமாடியில் மெஷின் ரூமில் நிற்பான். மற்றவன் கூண்டின் கூரையில் நின்றுகொண்டு இருட்டுக்குள் டார்ச் அடித்து வடத்தையும் தண்டவாளத்தையும் பார்ப்பான். மேலே இருப்பவன் அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டால் கீழே இருப்பவன் கதை கந்தல். அதனால் மேலிருந்து "போடவா?" என்று கத்த வேண்டும். கீழிருந்து "போடு" என்று பதில் வர வேண்டும். பிறகு மறுபடியும் ஒரு "போடவா?", ஒரு "போடு". என் மனைவிகூட என்னை இத்தனை தடவை கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்தது கிடையாது.

இப்படி ஒருவனை ஒருவன் நம்பியே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. நம்பிக்கை விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போனது அதோடு சரி. குருவிக்குக் கடவுள் உண்டு. எனக்கு இல்லை.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே பிரிவுக்கும் துணி வெளுக்கும் இடத்துக்கும் நடுவில் ஓர் அறை இருந்தது. 'அமைதி அறை' என்று பலகை போட்டிருந்தார்கள். எந்த மதத்துக்காரரும் வரலாம் என்பதால் படமோ சின்னமோ எதுவும் வைக்கவில்லை. சில பெஞ்சுகள், ஒரு கம்பளம், நடுவில் ஒரு தடித்த தூண், அவ்வளவுதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் குருவி கையைக் கழுவிக்கொண்டு அங்கே போய்விடுவான். திரும்பி வரும்போது முகம் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருக்கும்.

"இன்னைக்கு என்னடா கேட்ட?" என்பேன்.

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணும் கேக்காம யாருடா கடவுள்கிட்ட போவா?"

"நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போறப்ப ஏதாவது கேக்கத்தான் போறியா?"

"என் தங்கச்சி பதில் பேசுவா. அங்க யாருடா உன் பேச்சக் கேக்கறா?"

"கேக்கறவங்க கேக்கறாங்க" என்பான். அதற்கு மேல் அவன் வாயைப் பிடுங்க முடியாது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் குருவி முடி வெட்டப் போனான். பாதி வெட்டும்போதே தலை சாய்ந்துவிட்டது. முடி வெட்டுகிறவர் அவன் தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்திருக்கிறார். அந்த நாற்காலியில் அவன் அடிக்கடி தூங்குவானாம். "தாடையத் தூக்குங்க சார், தாடையத் தூக்குங்க சார்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய பிறகு, வண்டி வரும்வரை இருந்த நேரத்தில், அவர் மீதிப் பாதியையும் ஒழுங்காக வெட்டி, கழுத்தோரம் சிரைத்து, பவுடர் போட்டு அனுப்பியிருந்தார். "பாதியில எப்படி சார் அனுப்பறது" என்றார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிடித்தேன்.

எல்லாம் முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வீட்டில் எல்லாரும் நான் எப்போது உடைவேன் என்று ஒரு மாதிரி காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததோ ஒரு குடைச்சல். இத்தனை வருஷமாக ஒருவன் தினமும் ஓர் அறைக்குள் போகிறான், ஒன்றுமே கேட்காமல் வெளியே வருகிறான். உள்ளே என்னதான் செய்தான்? உயிரோடு இருந்தபோது அது கேலி செய்வதற்கான விஷயமாக இருந்தது. ஆள் போன பிறகு சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி அரித்தது.

கம்பெனியில் எனக்கு வேறொரு கூட்டாளியைப் போட்டார்கள். நல்ல வேலைக்காரர், ஆனால் வாய் திறக்காதவர். ஒருநாள் அவர் தனியாகச் சாப்பிட உட்கார்ந்ததும் நான் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனேன். செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒன்றை விட்டுவிட்டு யோசித்து மற்றதையும் விட்டேன்.

உள்ளே குளுமையாக இருந்தது. துணி வெளுக்கும் இடத்திலிருந்து சோப்பு வாசனை வந்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். எட்டாவது மாடிக் கதவின் ரோலர் தேய்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் மூக்கில் ஏறியது, ஆரஞ்சு வாசனை.

"அது அவர் இடம்" என்றது ஒரு குரல்.

தூணுக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குட்டை, அதில் உரித்த ஆரஞ்சு. 'இங்கே உண்ணக் கூடாது' என்று சுவரில் எழுதியிருந்தது அவர் தலைக்கு நேர் மேலே.

"யாரோட இடம்மா?"

"ஒல்லியா ஒருத்தர் வருவாரே. நீல யூனிஃபாரம், உங்களோடது மாதிரியே. கொஞ்ச நாளா காணோம்." பிறகு கையில் இருந்த சுளையைப் பார்த்துவிட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க. என் வீட்டுக்காரருக்கு மேல டயாலிசிஸ் ஓடுது. அவருக்கு ஆரஞ்சுனா உசிரு, ஆனா சாப்பிடக் கூடாதுனுட்டாங்க. அவர் எதிர்ல தின்ன மனசு வரல. எனக்கும் உசிருதான். அதான் இங்க வந்து ஒளிஞ்சு திங்கறேன்" என்றார்.

அவர் தையல்காரர். வாசலில் மெஷின் போட்டுத் தைக்கிறவர். வாரத்தில் பாதி நாள் இந்த ஆஸ்பத்திரியில்தான் கழிகிறது என்றார். சொல்லிக்கொண்டே எனக்கும் இரண்டு சுளை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"அவர் லீவா?" என்றார்.

"இல்லம்மா. தவறிட்டார்."

அவர் மிச்ச ஆரஞ்சைக் கைக்குட்டையில் மூடி வைத்தார். பிறகு, "அவங்க அம்மாவுக்கு யாராவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"அம்மாவா?"

"தினமும் இங்க உக்காந்து அம்மாகிட்டதான ஃபோன்ல பேசுவார்? அம்மாவோ அக்காவோ. அவ்வளவு உரிமையாப் பேசுவார். காதுல ஏதோ மாட்டிக்கிட்டுப் பேசறாங்களே எல்லாரும், அப்படித்தான்னு நினைச்சேன். நான் தூணுக்குப் பின்னால இருந்ததால பேசறப்ப முகம் தெரியாது. பேச்சு மட்டும் கேக்கும்."

குருவியின் அம்மாவை அடக்கம் செய்தபோது நான்தான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். அது நடந்து காலமாகிவிட்டது. அக்கா என்று யாரும் அவனுக்குக் கிடையாது. இந்த வயதில் ஆசாமிக்கு எங்கிருந்து ஒரு அக்கா முளைத்தாள் என்று என் மூளை ஒரு நிமிடம் கோணலாக ஓடியது உண்மை.

"என்ன பேசுவார்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. அதான் கேக்க நல்லா இருக்கும். 'இன்னைக்கு பஸ்ல எனக்கு முன்னாடி நின்னவர் புதுச் சட்டையில விலைச்சீட்டு தொங்கிட்டே இருந்துச்சு, மெதுவாப் பிச்சு எடுத்துட்டேன், அவருக்குத் தெரியவே தெரியாது'ம்பார். 'அவ ரொட்டியக் கருக்கிட்டு, கருகினதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னு சாதிக்கறா'ம்பார். கரடினு யாரோ கூட வேலை பாக்கறவராம். 'கரடி இன்னைக்கு ஒரு பாட்டு பாடினான், என்ன பாட்டுனு அவனுக்கே தெரியல'ம்பார். சொல்லிட்டு அவரே சிரிப்பார்."

"நான்தான் கரடி" என்றேன்.

அந்த அம்மாள் என் கைகளைப் பார்த்தார். "ஆமாமா" என்றார்.

"கடைசியா வந்த அன்னைக்கு?"

"அன்னைக்கு உள்ள வரும்போதே ஒரே சிரிப்பு. 'இன்னைக்கு நடந்தத நீயே பாத்திருப்ப, இருந்தாலும் நானும் ஒரு தடவை சொல்லிடறேன்'னு ஆரம்பிச்சார். எனக்கு அதுதான் குழப்பம். ஃபோன்ல இருக்கறவங்க எப்படிப் பாத்திருப்பாங்க? மீதியக் கேக்கறதுக்குள்ள நர்ஸ் ஓடி வந்து, உங்க வீட்டுக்காரருக்கு பிரஷர் இறங்கிடுச்சுனு கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் என்ன சொன்னார்னே தெரியாமப் போச்சு."

நான் மேலே போய் மெஷின் ரூமில் ஒரு போல்ட்டை முடுக்கினேன். முடுக்கிய போல்ட்டையே மறுபடி முடுக்கினேன். அப்போதுதான் உறைத்தது. குருவி ஃபோனை என்றைக்கு உள்ளே எடுத்துப் போனான்? சாப்பிட்டதும் அதைக் கருவிப் பைக்குள் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவான். மதியம் அவன் மனைவி கூப்பிட்டால் எடுப்பது நான். "அவன் உள்ள போயிருக்கான் அண்ணி, வந்ததும் சொல்றேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

அப்படியானால் அவன் அங்கே ஃபோனில் பேசவே இல்லை.

நான் போல்ட்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இத்தனை காலமாக அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். ஒன்றுமே கேட்கவில்லை. போய் உட்கார்ந்து கதை சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பஸ்ஸில் பார்த்தது, வீட்டில் கருகியது, நான் பாடியது. நான் எதற்கும் அசையாத ஆள். ஆனால் என் கர்ணகடூரமான பாட்டு அவ்வளவு பெரிய இடம்வரை போயிருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. புதுக் கூட்டாளி ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அன்றைக்கு அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

அண்ணி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறார். வயதில் என்னைவிடச் சின்னவர்தான். நான் அவரை அண்ணி என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இந்த முறை சரியில்லை என்று குருவி சொல்லாத நாளில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். துக்கத்துக்கு வந்திருந்த அவர் மகள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். வீடு துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதுவே பயமாக இருந்தது.

நான் சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"விலைச்சீட்டா? என்கிட்ட சொல்லவேயில்லையே" என்றார். "வீட்டுக்கு வந்தா இன்னைக்கு எப்படிப் போச்சுனு கேப்பேன். 'ம், போச்சு'ம்பார். அவ்வளவுதான். எனக்கு 'ம்', அங்க மட்டும் கதை கதையா?"

"அண்ணி..."

"ரொட்டி கருகினத வேற சொல்லியிருக்கார். மானத்த வாங்கணும்னே."

எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவப் பாத்திரம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் வாய்க்கொழுப்பை நொந்துகொண்டு செருப்பைத் தேடினேன். அண்ணி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார்.

"வேற என்ன சொன்னாராம்?"

"அந்தம்மாவத்தான் கேக்கணும்."

"அவங்க என்னைக்கு வருவாங்க?"

அடுத்து டயாலிசிஸ் இருந்த நாளில் அண்ணி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். அமைதி அறையில் தூணுக்குப் பின்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். தையல்கார அம்மாள் முதலில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஒட்டுக்கேட்டதுக்கு மன்னிச்சுக்கம்மா" என்றார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். சொல்லுங்க" என்றார் அண்ணி.

அவர் சொல்லத் தொடங்கினார். வரிசையாக இல்லை, ஞாபகம் வந்தபடி. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு நாய் குருவியின் காலிலேயே தூங்கிவிட்டதாம், மழை விட்ட பிறகும் அவன் நகரவில்லையாம். அண்ணி அவன் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே திட்டினாராம், திட்டு நன்றாகத் தாளத்தோடு இருந்ததாம்.

"நான் எங்க திட்டினேன்? குடைய பஸ்லயே விட்டுட்டு வந்தா கொஞ்சுவாங்களா?" என்று அண்ணி சண்டைக்குப் போனார். அடுத்த நிமிடம், "தாளமாமே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நான் ஒரு விஷயம் சொன்னேன். "அம்மா, நான் அவன்கிட்ட எப்பவும் கேப்பேன், உன் பேச்ச அங்க யாருடா கேக்கறானு. கேக்கறவங்க கேக்கறாங்கம்பான். கடைசியில நீங்க கேட்டிருக்கீங்க."

அந்த அம்மாள் பதறிப்போனார். "ஐயையோ, அது எனக்காகச் சொன்னது இல்லப்பா. நர்ஸ் வந்து கூப்பிட்ட அந்தக் கடைசி நாள் வரைக்கும் நான் இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதா?" என்றார் அண்ணி. "பக்கத்து வீட்டுல மாம்பழம் வெட்டினா இங்க உக்காந்து சொல்ற ஆளு அவரு. இந்தச் சின்ன அறையில ஆரஞ்சு வாசனை தெரியாம இருக்குமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெரிந்தே கொஞ்சம் சத்தமாகப் பேசினானா? கவலையோடு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்திக்கும் சேர்த்து? அல்லது பேச வேண்டியவரிடம் பேசினான், மற்றது தானாக நடந்ததா? தையல்கார அம்மாள் முகம் சிவந்து, "எப்படியோ போகட்டும், அந்த நாளெல்லாம் எனக்கு எப்படா மதியம் வரும்னு இருக்கும்" என்றார். எனக்கு இன்றுவரை விடை தெரியாது. கடவுள் இருக்கிறாரா என்பதைவிட இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகிவிட்டது.

அதன் பிறகு எங்களைப் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி நாள்தான். 'நீயே பாத்திருப்ப' என்று சிரித்துக்கொண்டே அவன் ஆரம்பித்தது எதை? அண்ணிக்கு அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். எனக்கும்தான்.

"மதியத்துக்கு முன்னாடி நடந்ததுதான் கணக்கு. வீட்டுல நடந்தது நான் சொல்றேன், வேலையில நடந்தது நீங்க சொல்லுங்க" என்றார் அண்ணி.

முதலில் எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. சாதாரண நாள். வேலைக்குப் போனோம், வந்தோம். "ஒண்ணும் நடக்கல அண்ணி" என்றேன். அவர் விடவில்லை. எந்த லிஃப்ட், யார் மேலே, யார் கீழே, டீ எங்கே குடித்தீர்கள் என்று போலீஸ் மாதிரி துருவினார். துருவத் துருவ, அந்த ஒன்றும் நடக்காத நாளிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.

அன்றைக்குக் குழந்தைகள் வார்டு லிஃப்டில், வெகுநாளாக எங்களுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த 'கீச்' சத்தத்தைக் கண்டுபிடித்தோம். மோட்டாரைப் பிரித்தோம், வடத்துக்கு எண்ணெய் போட்டோம், எதற்கும் அடங்காத சத்தம். கடைசியில் பார்த்தால் கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு குழந்தையின் தலைக் கிளிப். மஞ்சள் வாத்து போட்டது. குருவி அதைத் தன் காதோரம் மாட்டிக்கொண்டு தலைமை டாக்டருக்கு வணக்கம் சொன்னான். அவரும் ஒன்றும் கவனிக்காமல் பதில் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஜோடி லிஃப்டில் ஒன்றை நிறுத்தி அதன் கூரையில் இருவரும் வேலை செய்துகொண்டிருந்தோம். பக்கத்துக் கூண்டு எங்களைத் தாண்டி மேலே போனது. உள்ளே தனியாக ஒரு நர்ஸ், வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனாள். இருட்டுக்குள் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போனது அந்தப் பாட்டு. குருவி கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றான். அவள் இறங்கும்போதும் பாடுவாளா என்று காத்திருந்தோம். இறங்கும்போது யாரோ பெரிய டாக்டர் ஏறிவிட்டார்போல, சத்தமே இல்லை.

பிறகு மெஷின் ரூமில் இருந்தபோது திடீர் மழை. வெயிலும் மழையும் சேர்ந்து. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, இருவரும் வாசலில் குந்திப் பார்த்தோம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு முற்பகலுக்குள் இவ்வளவா? சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி இன்றைக்கு எப்படி என்று கேட்டிருப்பாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

தையல்கார அம்மாளுக்கு இதைத் தன் கணவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் ஆளனுப்பி எங்களைக் கூப்பிட்டார். மேலே, டயாலிசிஸ் கட்டிலைச் சுற்றி நின்றோம். கையில் ரத்தக் குழாய் ஓட, அந்த மெலிந்த மனிதர் உற்சாகமாக இருந்தார். பழைய ரேடியோ ரிப்பேர்க்காரராம்.

"சந்தேகமேயில்ல, கிளிப்தான். ஒரு சத்தத்தத் தேடித்தேடிக் கண்டுபிடிச்சா வர சந்தோஷம் இருக்கே, அது வேற எதுலயும் வராது" என்றார்.

"போங்க, அந்தப் பொண்ணு பாட்டுதான்" என்றார் அவர் மனைவி.

"மழை" என்றேன் நான். "நீயே பாத்திருப்பனு சொன்னான்ல? மழைனா மேல இருந்துதான வருது."

"மேல இருக்கறவர உனக்குத்தான் பிடிக்காதே" என்று சிரித்தார் கட்டிலில் இருந்தவர். வயதில் மூத்தவர், முதல் சந்திப்பிலேயே நீ என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

"பிடிக்காதுனு இல்லய்யா. பழக்கமில்ல" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி கட்டிலின் கால்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவன் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"நீங்க மூணு பேருமே தப்பு" என்றார். "இப்பதான் ஞாபகம் வருது. அன்னைக்குக் காலையில அவர் கிளம்பறப்ப..."

நிறுத்திவிட்டார்.

"கிளம்பறப்ப?" என்றோம் மூவரும் ஒரே நேரத்தில்.

அண்ணி உதட்டை மடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். கண்ணில் நீர் இருந்தது, சிரிப்பும் போகவில்லை.

"சொல்லமாட்டேன்."

"அநியாயம்மா இது. ஊசி குத்தின நோயாளிய இப்படியா தவிக்க விடுவாங்க?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"அது பாக்க வேண்டியவர் பாத்தாச்சு. அவரும் சொல்லியாச்சு. அது போதும்" என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னண்ணா அப்படியே நிக்கறீங்க, உங்களுக்கு வேலை இல்லையா? கீழ லிஃப்டுக்கு எவ்வளவு கூட்டம் நிக்குதுனு பாருங்க, போங்க" என்று விரட்டினார்.